மலை ஏரிக்கு இடப்பக்க வழி

சண்டை போடுவதற்காகத்தான் நான் அந்த மலைக்குப் போனேன். பனிமூட்டம், ஏரி, காட்டுப்பாதை என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். எனக்குச் சிவகாசி வெயில் போதும். காலண்டர் சீசனில் நான்கு மாதம் குனிந்த தலை நிமிராமல் வரைந்துவிட்டு, மாசி மாதம்தான் எனக்குக் கொஞ்சம் கழுத்து நிமிரும். அந்த ஓய்வில் மண்ணைப் போட்டது ஒரு கடிதம்.

மலை ஊரில் விடுதி நடத்தும் தேவராஜ் என்பவர் எங்கள் அச்சகத்து முதலாளிக்கு எழுதியிருந்தார். அவருடைய விடுதியிலிருந்து காட்டு வழியாக ஐந்து மைல் நடந்தால் ஓர் ஏரி வரும். தங்க வருகிறவர்கள் துணைக்கு ஆள் இல்லாமலே போய்வர வசதியாக, வழிப்படம் போட்ட காலண்டர் ஒன்றை எங்களிடம் அடித்து வாங்கியிருந்தார். அந்தப் படத்தை நம்பிப் போனவர்கள் யாருமே ஏரியைப் பார்க்கவில்லையாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஒரு பகல் முழுக்கப் பள்ளத்தில் தவித்து, கடைசியில் அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்களாம். ‘உங்கள் படம் தப்பு’ என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

என் படம் தப்பா? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பதினைந்து வருஷமாக அச்சுக்கல்லில் வரைகிறவன் நான். கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும்; அப்போதுதான் தாளில் நேராக விழும். அதற்காகவே என் மேஜையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி நிரந்தரமாக நிற்கும். மூலப்படத்தை அதன் முன் நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து வரைவேன். இடவலம் மாற்றி எழுதச் சொன்னால் நேரெழுத்தைவிட வேகமாக எழுதுவேன். கடிதம் வந்த அன்றே, தேவராஜ் அனுப்பியிருந்த பென்சில் படத்தை எடுத்துக் கண்ணாடி முன் நிறுத்தி, நான் வரைந்த தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு அப்படியே பொருந்தியது. அந்த வருஷம் புது மிஷின் வந்திருந்ததால் கல்லுக்குப் பதில் தகடு. ஏரி, பாறை என்ற பெயர்களை மட்டும் அச்சுக்கோத்துத் தனியாக அதன் மேல் அடித்திருந்தோம். மற்றபடி எல்லாம் என் கைவேலை. தப்பு வர வழியே இல்லை.

“எனக்குத் தெரியாதாய்யா உம்ம கைய?” என்றார் முதலாளி. “அவுக அனுப்புன படமே கோணலா இருந்திருக்கும். நீரு போயி, அந்த வளியில நடந்து பாத்துட்டு, ‘நாங்க குடுத்த படந்தான் தப்பு’ன்னு அவரு கையால எழுதி வாங்கிட்டு வந்துரும். இல்லாட்டி அம்புட்டு காலண்டரையும் நம்ம தலையில கட்டிருவாரு.”

“பென்சில் படத்தையும் கொண்டு போகட்டுமா அண்ணாச்சி?”

“அது இரும்புப் பெட்டியில இருக்கட்டும். அவரு கையில சிக்குச்சுன்னா திரும்பி வராது. அடிச்ச தாள் ஒண்ணு கொண்டு போயிரும், போதும்.”

அந்த ஒரு தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, நண்பர் ஒருவரின் கம்பெனியில் செய்த தீப்பெட்டி ஒரு பண்டலும் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலமும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சிவகாசிக்காரன் எங்கே போனாலும் தீப்பெட்டி இல்லாமல் போக மாட்டான்.

முதல் நாள் பயணத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்றேன். அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம். மலைப்பாதையில் பஸ் நான்கு வளைவு ஏறியதும் புகைந்து நின்றுவிட்டது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். ஒரு வாளியை இஞ்சினுக்கு ஊற்றினார். இன்னொரு வாளியைச் சும்மா மூடியின் மேல் ஊற்றினார், சூடு ஆறட்டும் என்று. எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டில் ஒரு குடத்துக்காக என் மனைவி விடியுமுன் போய்க் கிணற்றடியில் வரிசையில் நிற்கிறாள். இங்கே பஸ்ஸுக்குக் குளியல்.

பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னல் பக்கம் திரும்ப நேரமில்லாமல் என் பையின் மேலேயே வாந்தி எடுத்தாள். “மன்னிச்சிருங்கண்ணே” என்று அழாக்குறையாகச் சொன்னாள். பரவாயில்லை என்று சொன்னேன். மனசுக்குள் தேவராஜின் ஏழு தலைமுறையையும் திட்டினேன்.

விடுதி, காட்டின் வாசலில் ஓட்டுக்கட்டடமாக இருந்தது. குளிர் எலும்பைப் பிடித்துக் குலுக்கியது. சாப்பாட்டு மேஜையில் ரொட்டியும், காரட்டை வேகவைத்து உப்புப் போட மறந்த ஒரு குழம்பும் வைத்தார்கள். என் சேவுப் பொட்டலம் மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே உயிரை விட்டிருப்பேன். எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தில் இங்கிலீஷ் எழுத்தோடு புரண்டதில் எனக்கும் கொஞ்சம் புரியும்.

“நாளைக்கு ஏரிக்குப் போகலாமா?” என்றாள் அவள்.

“இந்தப் படத்தை வைத்துக்கொண்டா? இதை வரைந்தவன் ஏரியைப் பார்த்திருக்க மாட்டான், சாராயத்தைத்தான் பார்த்திருப்பான்” என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். நான் சேவை நறநறவென்று கடித்தேன்.

தேவராஜ் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். கனத்த உடம்பு, கம்பளிக் குல்லாய், அலுத்துப்போன முகம். நான் சண்டைக்கு வாயைத் திறக்குமுன்பே அவர் என் பக்கம் வந்துவிட்டார்.

“தப்பு உங்க மேல இல்லைன்னு எனக்கே இப்போ தோணுதுங்க. பென்சில் படம் போட்டது என்கிட்ட வேலை பார்க்கிற பொன்னையா. பன்னெண்டு வருஷமா ஆளுங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறவன். படம் வந்தா தனக்கு வேலை போயிடும்னு வேணும்னே தப்பா போட்டிருப்பான். தலைமையாசிரியர் வக்கீலை வெச்சுடுவேன்னு குதிக்கிறார். நான் யாரையாவது கைகாட்டணும். நாளைக்கு நீங்களே போய் நடந்து பாருங்க. ‘பென்சில் படந்தான் தப்பு’ன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், நானும் போட்டுத் தர்றேன். சனிக்கிழமையோட அவனை நிறுத்திடறேன். விடுதி வீட்டையும் காலி பண்ணணும்னு சொல்லிட்டேன்.”

அன்று வியாழக்கிழமை. எனக்கு அந்தப் பொன்னையா மேல் இரக்கமே வரவில்லை. இப்படி ஒருவன் வேண்டுமென்றே தப்பாக வரைந்து, என் பதினைந்து வருஷப் பெயரைக் கெடுத்திருக்கிறான். காலையில் அவன் முகத்தைப் பார்த்து நான்கு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டு படுத்தேன்.

காலையில் வந்த பொன்னையாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒல்லி. தலையில் துண்டு. காலில் டயர்ச் செருப்பு.

“வாங்க. காப்பி சாப்பிட்டீகளா? குளிருதா?” என்றார்.

நான்கு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. எங்கள் பக்கத்துப் பேச்சு. “எந்த ஊர்?” என்றேன்.

“தாயில்பட்டி. கல்யாணம் ஆன மறுவருசம் மளை இல்ல, கெணத்துல தண்ணி இல்ல. ரோட்டு வேலைக்குனு ஏறுனேன், இங்கனயே தங்கிட்டேன். நம்மூருக் கம்பெனியில காலண்டர் அடிச்சா சுத்தமா இருக்கும்னு மொதலாளிகிட்ட சொன்னதே நாந்தான்.” சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

விடுதியின் பின்பக்கம் அவர் வீடு. வாசலில் அவர் மனைவி துணிகளை ஒரு கோணிச்சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு நின்றார்கள். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்வையைக் காட்டின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதல் மூன்று மைல் நேர்வழி. பிரிவே இல்லை. மரங்கள் மேலே கூரை போட்டிருந்தன, பட்டையெல்லாம் பாசி. தரை மெத்தை மாதிரி அமுங்கியது. எங்கள் ஊரில் தரையில் கால் வைத்தால் தரைதான் காலைச் சுடும். இங்கே எதைத் தொட்டாலும் ஈரம். வழியில் பொன்னையா பீடி பற்றவைக்க நெருப்புக் கேட்டார். பெருமையாக என் பண்டலைப் பிரித்து ஒரு பெட்டியை நீட்டினேன். ஒரு குச்சி உரசினார். மருந்து நசுங்கி வழிந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு பெட்டி முழுக்கத் தீர்ந்தும் ஒரு பொறி கிளம்பவில்லை.

“நம்மூருத் தீப்பெட்டியா?” என்றார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு.

“உங்க மலை சரியில்லை” என்றேன். உண்மையிலேயே எனக்கு அந்த மலையின் மேல் கோபம். பண்டலை அப்படியே அவரிடம் கொடுத்தேன், அடுப்படியில் காயவைத்துப் பார்க்கச் சொல்லி.

மூன்றாவது மைலில் ஒரு மொட்டைப் பாறை வந்தது. பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. தாளை விரித்தேன். பாறைக்கு இடப்பக்கம் ஏரி என்று என் படம் சொன்னது.

“அங்கிட்டு ஏரி கெடையாது. ஏரி வலப்பக்கம்” என்றார் பொன்னையா.

“படம் இடப்பக்கம்னுல்ல இருக்கு? நீங்க போட்ட படந்தானே? அதுபடியே போவோம். ஒண்ணுவிடாம பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.”

“எதுக்குங்க கெடந்து சீரழியணும்?”

“போவோம்னா போவோம்.”

இப்படி வீம்பு பிடித்து நான் சீரழிந்த கதை ஏராளம். ஆனால் அன்று பட்டதற்கு ஈடு இல்லை. பாதை இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாதையே சேற்றில் முடிந்தது. முழங்கால் வரை புதைந்தேன். என்னை இழுத்தெடுக்கப் பொன்னையா ஒரு மரக்கிளையை ஒடித்து நீட்ட வேண்டியிருந்தது. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கெண்டைக்காலில் மூன்று அட்டை. தலைமையாசிரியர் வக்கீல் வைப்பதில் தப்பே இல்லை என்று தோன்றியது. வைக்கட்டும், இந்தப் பொன்னையா மேல் வைக்கட்டும்.

“இதுதான் நீங்க காட்டுன வழியா?” என்று கத்தினேன். “ஒரு கிழவனை இதுக்குள்ள அனுப்பிருக்கீங்களே, மனுசன்தானா நீங்க?”

அவர் அட்டைகளின் மேல் உப்பைத் தடவிக்கொண்டே, “நான் வலப்பக்கந்தான் போட்டேன்” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பிப் பாறைக்கு ஏறி, வலப்பக்கம் நடந்தோம். இரண்டு மைல். மரங்கள் சட்டென்று விலகின. ஏரி கிடந்தது.

எங்கள் தாலுகாவின் அத்தனை கண்மாயையும் சேர்த்து நிரப்பினாலும் மிஞ்சும்போல் தண்ணீர். கரையில் ஒரு குடம் இல்லை, ஒரு மாடு இல்லை, துவைக்கும் சத்தம் இல்லை. சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்தில் ஊற்று தோண்டித் தோண்டி, கொட்டாங்கச்சியால் சுரண்டி மொண்டு குடத்தை நிரப்புகிறவர்களைப் பார்த்தவன் நான். இங்கே இவ்வளவு தண்ணீரும் வெள்ளைக்காரத் தம்பதி பார்த்துவிட்டுப் போவதற்காகக் கிடக்கிறது. அழகாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்த அழகின் மேலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கரையில் உட்கார்ந்து, அவர் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். பாதி எனக்கென்று தனியாக இலையில் கட்டியிருந்தாள். அதைத் தின்றுகொண்டே நான் தீர்ப்புச் சொன்னேன்.

“ஏரி வலப்பக்கம். படத்துல இடப்பக்கம். தப்பா வரைஞ்சிருக்கீங்க. நான் எழுதிக் கொடுத்துத்தான் ஆகணும்.” சொல்லிவிட்டு, மறுபடியும் ஒருமுறை பார்க்கத் தாளை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன். வெயில் என் முதுகுப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே, தாளின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொன்னையா உட்கார்ந்திருந்தார்.

“இந்தா, சரியாத்தானே இருக்கு!” என்றார்.

“எது?”

“இங்கிட்டிருந்து பாத்தா சரியா இருக்கே. பாற, அதுக்கு வலப்பக்கம் ஏரி. இதுதான் நான் போட்ட படம். எளுத்துதான் ஏதோ கோளி கிண்டுன மாதிரி தெரியுது.”

எழுந்து அவர் பக்கம் போய், தாளை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தேன். பின்பக்கமாகத் தெரிந்த படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய மிஷினில் கல் நேராகத் தாளில் பதியும். அதனால் கல்லில் மாற்றி வரைய வேண்டும். புது மிஷினில் தகடு ரப்பரில் பதிந்து, ரப்பர் தாளில் பதியும். இரண்டு தடவை மாறுவதால் தகட்டில் நேராகவே வரைய வேண்டும். மிஷின் பூட்ட வந்தவர் இதை எனக்கு மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன். அடுத்து வந்த வேலைகளெல்லாம் சாமி படமும் பூ ஜாடியும், நேராகத்தான் வரைந்தேன். இந்த வழிப்படம் மட்டும் சீசன் அவசரத்தில் என் கைக்கு வந்தது. கை தன் பதினைந்து வருஷப் பழக்கத்தில் கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அதே கண்ணாடியில் பார்த்தேன். பொருந்தாமல் என்ன செய்யும்? பெயர்களை நேராக அடித்துவிட்டதால் வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?” என்றார் பொன்னையா.

“ஒண்ணுமில்லை” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஐந்து மைலும் வாய் திறக்காமல் அவர் பின்னால் நடந்தேன். முதலாளி என்ன சொல்வார், அச்சகத்தில் என் பேர் என்ன ஆகும், என் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றெல்லாம் யோசித்தேன். கோணிச்சாக்கைப் பற்றி யோசிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். அன்று தேவராஜ் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு கேவலமான ஆள் நான்.

மூன்றாம் நாள் காலையில் தேவராஜின் மேஜைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன. பொன்னையாவையும் அங்கே வரச்சொல்லி நிறுத்தியிருந்தார். பேனாவைக் கையில் எடுத்தேன். எதிரே டயர்ச் செருப்புப் போட்ட கால்கள் அசையாமல் நின்றன.

“பென்சில் படம் சரி” என்றேன். “தப்பு என்னுது. நான்தான் மாத்தி வரைஞ்சுட்டேன்.”

தேவராஜ் சிரித்தார். “ஊர்க்காரன்னு பாவப்படறீங்க. எனக்குப் புரியுதுங்க. பதினஞ்சு வருஷம் வரைஞ்சவர் இடது வலது தெரியாம வரைவாரா? இவனைக் காப்பாத்தச் சொல்றீங்க.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வேலையைப் பற்றி நான் உண்மை சொன்னால் இவருக்கு நம்பிக்கை இல்லை! வெள்ளைத்தாளை இழுத்தேன். வலது ஓரத்தில் ஆரம்பித்து இடப்பக்கமாக, நிறுத்தாமல், நான்கு வரி எழுதினேன். கையெழுத்தும் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

“என்னங்க இது, எந்த மொழி?”

“அங்கே போய்ப் பாருங்க” என்று கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைக் காட்டினேன்.

அவர் தாளைக் கண்ணாடி முன் பிடித்தார். உதடு அசைந்து அசைந்து படித்தது. பொன்னையாவின் படம் சரியானது, மாற்றி வரைந்தவன் நான், சரியான படம் அச்சகத்து இரும்புப் பெட்டியில் இருக்கிறது, தலைமையாசிரியர் வக்கீலை என் மேல் வைக்கட்டும். குண்டு குண்டாக, ஓர் எழுத்துப் பிசகாமல் கண்ணாடியில் நேராகத் தெரிந்தது. தேவராஜ் கண்ணாடியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொன்னையாவிடம், “சரி, போய் வேலையைப் பாரு” என்றார். மன்னிப்பு மாதிரி ஒன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை பொன்னையா என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும் கேட்டார்.

“நேத்து ஏரிக்கரையிலயே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?”

“ஆமா.”

“நான் வீட்டுக்கு வந்தப்பவும் எம் பொண்டாட்டி சட்டி பானையக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தா. சின்னவ பள்ளிக்கொடத்துல சொல்லிட்டு வந்துட்டா, இனிமே வரமாட்டேன்னு. நீங்க நேத்தே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.” முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “எம் மேல பளி போட்டப்பக்கூட எனக்கு இம்புட்டு கோவம் வரல.”

அவர் மடியிலிருந்து என் தீப்பெட்டிப் பண்டலை எடுத்துப் பையின்மேல் வைத்தார்.

“இங்கன பத்த மாட்டேங்குது. நீங்களே கொண்டு போங்க.”

பஸ் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்காமல் காட்டுப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலமே சிவகாசியில் இறங்கி, நேராக அச்சகத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளையிடம் சொல்லி இரும்புப் பெட்டியைத் திறந்து, பென்சில் படத்தை வாங்கினேன். மேஜைக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். புதுத் தகட்டில் பாதை போட்டேன், பாறை போட்டேன். பாறையைத் தாண்டியதும் கை தானாக இடப்பக்கம் போயிற்று. அழித்தேன். மறுபடியும் இடப்பக்கமே போயிற்று. கையை ஓங்கி மேஜையில் அடித்தேன்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“வந்துட்டீரா? எழுதி வாங்கிட்டு வந்தீராய்யா?”

“இல்ல அண்ணாச்சி. எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.”